சிவப்பு வந்தால்

எங்கள் அப்பா பரசுராமன் பூ கேட்காமல் தும்மக்கூட மாட்டார் என்று அம்மா சொல்வாள். தும்மலை விட்டுவிடலாம், மற்றதெல்லாம் உண்மை. வீட்டுக் கைத்தறிகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு விசைத்தறி போட்டது பூ கேட்டுத்தான். என்னைக் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்ததும் பூ கேட்டுத்தான். வெள்ளை நந்தியாவட்டையை ஒரு வாழையிலைத் துண்டிலும் சிவப்பு அரளியை இன்னொன்றிலும் வைத்து, ஒரே மாதிரி பொட்டலம் கட்டி, தெருக்கோடி அம்மன் கோயிலில் சாமி எதிரே போடுவார். விஷயம் தெரியாத யாராவது ஒருவர் ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரித்தே பார்க்காமல் வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு வந்துவிடுவார்.

இந்தத் தை மாதம் அவர் என் கல்யாணத்துக்குப் பூ கேட்பதென்று முடிவு செய்தார். மாப்பிள்ளை சேவூர் ஜீவானந்தம். என் தாய்மாமன் மணவாளன் கொண்டுவந்த இடம். வீட்டில் யாருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அந்த இடத்தைக் கொண்டுவரச் சொல்லி மாமாவை ஆள் வைத்துப் பிடித்ததே ஜீவானந்தம்தான். அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அது ஒரு அரளிப்பூவின் கையில் போய் மாட்டிக்கொண்டது. எனக்கு எரிச்சல் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நாங்கள் பழகியது லிஸ்ப் என்கிற கம்ப்யூட்டர் மொழியால். சிரிக்க வேண்டாம், நிஜமாகவே அதனால்தான்.

ஆரணி பஜாரில் ஒரு டிசைன் சென்டரில் எனக்கு வேலை. புடவையின் கரை, உடல், முந்தானை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து தருவோம். எந்தக் கட்டத்தில் எந்த நூல் மேலே எழ வேண்டும் என்பது அதில் இருக்கும். அந்த ஃபைல் பென் டிரைவில் தறிக்குப் போய், மேலே இருந்து நூலைத் தூக்கும் ஜக்கார்டு பெட்டியில் ஏறி, அதன்படி நீளவாக்கில் ஓடும் பாவு நூல் எழும். மவுஸைப் பிடித்துக் கட்டம் கட்டமாக நிறம் வைப்பது மகா பேஜாரான வேலை. எங்கள் சாஃப்ட்வேரில் ஒரு மூலையில் சின்ன ஜன்னல் ஒன்று இருந்தது. அதில் லிஸ்பில் கட்டளை எழுதினால் அதுவே வரைந்துகொள்ளும் என்று கையேட்டில் போட்டிருந்தது. முதலாளி நெடுஞ்செழியன், "அதத் தொடாதம்மா, ஏதனா ஆயிடப் போவுது" என்றார். தொடாதே என்றால் தொடுவது என் பிறவிக்குணம்.

கல்லூரியில் நான் படித்த மொழிகளில் 'இஃப்' என்பது ஒரு மேஸ்திரி. இப்படி இருந்தால் அதைச் செய், இல்லையென்றால் இதைச் செய் என்று அதட்டிவிட்டுப் போய்விடும். அதன் கையில் எதுவும் இருக்காது. நானும் லிஸ்பில் அந்தப் பழக்கத்திலேயே எழுதினேன். முதலில் ஒரு காலி டப்பாவுக்குப் பெயர் வைத்து, இஃபுக்குள் போய் அந்த டப்பாவில் நிறத்தைப் போட்டு, வெளியே வந்து டப்பாவைத் திறந்து நிறத்தை எடுத்தேன். வேலை நடந்தது. ஆனால் மூக்கைத் தலையைச் சுற்றித் தொட்ட மாதிரி இருந்தது.

ஒரு நாள் மதியம், சாப்பிட்டுவிட்டு வந்த தூக்கக் கலக்கத்தில், நிறம் எழுத வேண்டிய இடத்திலேயே இஃபை எழுதிவிட்டேன். பிழை என்று திட்டும் என்று பார்த்தால் திட்டவில்லை. திரையில் புடவை மேல் மாங்காய் வடிவப் பூவேலை, நாங்கள் புட்டா என்பது, அழகாக வந்து உட்கார்ந்தது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. இந்த மொழியில் இஃப் வேலை வாங்குகிற மேஸ்திரி இல்லை. கடைக்குப் போய்த் திரும்பி வருகிற ஆள். "தக்காளி இருந்தா தக்காளி, இல்லன்னா புளி வாங்கியா" என்று அனுப்பினால், இரண்டில் ஒன்று அதன் கையில் இருக்கும். அதை வாங்கி நேரே குழம்பில் போடலாம். இஃப் எழுதிய இடமே தக்காளியாகவோ புளியாகவோ மாறிவிடுகிறது. அதோடு, தக்காளி கிடைத்துவிட்டால் புளி இருக்கும் பக்கம் அது திரும்பியே பார்க்காது.

அன்று சாயங்காலம் வரை எதை எதையோ இஃபுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணைப் போட்டால் எண் வந்தது, நிறத்தைப் போட்டால் நிறம் வந்தது. இஃபுக்குள் இன்னொரு இஃபைப் போட்டால், உள்ளே இருப்பது கொடுத்ததை வெளியே இருப்பது வாங்கி என்னிடம் கொடுத்தது. நெடுஞ்செழியன் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, படம் பாத்துகினு கீறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இந்த ஆர்வத்தில்தான் சறுக்கினேன். சேவூருக்கு ஒரு டிசைன். நிபந்தனைகளை வரிசையாக வைக்க லிஸ்பில் 'காண்ட்' என்று ஒன்று உண்டு. மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும், எது முதலில் பொருந்துகிறதோ அதன் பதிலைக் கையில் கொடுக்கும். கட்டம் புட்டாவுக்குள் இருந்தால் ஜரிகை, ஓரக்கோட்டில் இருந்தால் பச்சை, வெளியே இருந்தால் உடல் நிறம் என்று மூன்று எழுதினேன். மாங்காயின் வால் வளைகிற இடத்தில் சில கட்டங்கள் உள்ளேயும் இல்லாமல், கோட்டிலும் இல்லாமல், வெளியேயும் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொள்ளும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த வாரம் ஒருவர் கடைக்கு வந்து, மாதிரிக்கு நெய்த பட்டுத் துண்டை என் மேஜையில் திருப்பி விரித்தார். சொந்தமாகத் தறி வைத்து ஓட்டுகிறவர், பெயர் ஜீவானந்தம் என்று நெடுஞ்செழியன் சொன்னார். ஒவ்வொரு மாங்காயின் வாலிலும் குறுக்கே ஓடும் ஊடை நூல் பிடிப்பில்லாமல் தொங்கியது. கட்டினவள் வளையலில் மாட்டினால் அத்தோடு புடவை காலி.

"உங்க ஃபைலுதாங்க" என்றார். கோபம் இல்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

நான் ஃபைலைத் திறந்து தேடினேன். அந்தக் கட்டங்களில் நிறமே இல்லை. மூன்றில் எதுவும் பொருந்தாதபோது காண்ட் 'நில்' என்று கொடுத்திருந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரையைப் பார்த்தார்.

"நில்லுன்னா? தறிய நிறுத்தணுமா?"

"இல்லீங்க. நில்லுன்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம். வெறுங்கை."

"அப்ப பதில் சொல்லலன்னுதான அர்த்தம்?"

"அதாங்க இல்ல. வெறுங்கையும் ஒரு பதில்தான். லிஸ்புல பதில் வராம இருக்கவே இருக்காது. நான் இந்த மூணும் இல்லன்னா இன்னான்னு எழுதல. அதனால அது வெறுங்கைய எடுத்தாந்து குடுத்துச்சி. ஜக்கார்டு அதயும் வாங்கிகினு, நூல எழுப்பாம விட்டுட்ச்சி."

"சைபர் வந்தா? அதுவும் வெறுங்கைதான?"

"சைபர் சரக்குங்க. இருக்குதான்னு கேட்டா சைபரக்கூட லிஸ்ப்பு ஆமான்னுதான் சொல்லும். நில்லு ஒண்ணுக்குத்தான் இல்லன்னு சொல்லும்."

"நல்ல கூத்தா இருக்குதே" என்று சிரித்தார். நான் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: எதுவுமே பொருந்தாவிட்டால் உடல் நிறம். வால் மூடிக்கொண்டது. அன்றிலிருந்து வாட்ஸ்அப்பில் வர வேண்டிய ஃபைலுக்கெல்லாம் ஜீவானந்தம் பென் டிரைவை எடுத்துக்கொண்டு நேரில் வர ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவையும் லிஸ்ப் பற்றி ஒரு கேள்வி வைத்திருப்பார். சில கேள்விகள் எனக்கே புதிதாக இருக்கும். பதில் தேடிப் படித்துவிட்டு அவர் வருகிறாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வீட்டில் நான் பெரிய தொல்லையாகிப் போனேன். யார் எதைச் சொன்னாலும் மறுபாதியைக் கேட்கிற வியாதி வந்துவிட்டது. "மழ வந்தா துணிய எடுத்து உள்ள போடுடி" என்பாள் அம்மா பொன்னம்மாள். வரவில்லையென்றால் என்று கேட்பேன். "வரலன்னா உன் தலையில காயப்போடு" என்பாள். கேட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது, நம் ஜனங்கள் பாதிப் பேச்சைத்தான் பேசுகிறார்கள். மீதிப் பாதியைக் காற்றில் விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே பூ கேட்கப் போகிறேன் என்று அப்பா சொன்னதும் நான் பிடித்துக்கொண்டேன். அவர் விசைத்தறியை நிறுத்திவிட்டு அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தார்.

"வெள்ள வந்தா இன்னாப்பா?"

"சேவூருக்குச் சம்மதம்னு சொல்லிடலாம்."

"சிவப்பு வந்தா?"

"வேணாம்னு அர்த்தம்."

"அந்த எடம் வேணாம். சரி. அப்பறம் எனக்கு இன்னா? வேற எடம் பாப்பீங்களா? அதுக்கும் பூ கேப்பீங்களா? இல்ல நான் இப்டியே இருக்கணுமா?"

"அத அப்ப பாத்துக்கலாம்மா."

"அப்ப பாத்துக்கலாம்னா அது வெறுங்கைப்பா. இதுல மாட்டிகினு இருக்கறது என் கல்யாணம். கேக்கறதுன்னா முழுசா கேளுங்க. வெள்ளைக்கு இன்னா, சிவப்புக்கு இன்னான்னு ரெண்டயும் அம்மன் எதிர்ல வாய்விட்டுச் சொல்லிட்டு அப்பறம் பொட்டலத்தப் போடுங்க."

அப்பா நூலை முடிந்து முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "யோசிக்கணும்" என்றார். அவர் யோசிக்கணும் என்றால் நிஜமாகவே யோசிப்பார். அந்த வாரம் முழுக்கத் தறி ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். நூல் எதுவும் அறுந்திருக்கவில்லை. சும்மா நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மாதான் சமையற்கட்டில் வைத்து என் தலையில் குட்டினாள்.

"உனுக்கு அறிவு கீதாடி? சொல்லாம விட்டிருந்தா, சிவப்பு வந்தாக்கூட ஆடி போயி ஆவணியில மறுபடியும் கேக்கலாம். விசைத்தறிக்கு மொதல்ல சிவப்புதான் வந்துச்சி, ரெண்டாம் வாட்டிதான் வெள்ள. சாமி எதிர்ல ரெண்டயும் சொல்லிட்டாருன்னா சொன்னதுதான். உங்கப்பா அதுலேர்ந்து நகர மாட்டாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காற்றில் விட்ட பாதிக்குள்தான் இத்தனை நாளும் எல்லாரும் புகுந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நான் கெட்டிக்காரத்தனமாக அந்தக் கதவைச் சாத்திச் சாவியையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். போய், வேண்டாம்பா, வழக்கம்போலவே கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வீம்பு விடவில்லை.

"எதுக்கும் நீ உங்கப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லிப் பாரேன்" என்றாள் அம்மா. "எடம் வந்த அன்னிக்கு உன்ன கேட்டாரே, சம்மதமான்னு. நீ இன்னா சொன்ன?"

"உங்க இஷ்டம்னேன்."

வேறென்ன சொல்வது? எங்கள் தெருவில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள். அதற்கு மேல் ஒரு சொல் சொன்னால், எப்போதிலிருந்து பழக்கம், எங்கே பார்த்தீர்கள் என்று நூல் பிடித்துக்கொண்டே போவார்கள். உங்கள் இஷ்டம் என்றால் சரி என்றுதான் அர்த்தம், அப்பாவுக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன்.

ஜீவானந்தத்துக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"சிவப்புக்கு இன்னா சொல்லப் போறாராம்?"

"தெரியல. யோசிச்சிகினே கீறாரு."

"கேட்டது நல்ல கேள்விதான் காவ்யா. நம்ம விஷயத்துல கேட்டிருக்க வேணாம்" என்றார். அவர் குரலில் பயம் இருந்தது. எனக்கும் இருந்தது. ஆனாலும் அதற்கடியில் இன்னொன்றும் அரித்துக்கொண்டே இருந்ததை மறைக்கமாட்டேன்: இந்த மனுஷன் என்னதான் சொல்லப் போகிறார் என்று தெரிந்துகொள்ளும் ஆவல்.

வெள்ளிக்கிழமை காலை மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். பூசாரி அபிஷேகம் முடித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அப்பா சட்டையைக் கழற்றி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் இரண்டு பொட்டலத்தோடு அம்மன் எதிரே நின்றார். யாரிடமும் உரக்கப் பேசிப் பழகாதவர். தொண்டையை இரண்டு தடவை செருமினார்.

"தாயே, வெள்ள வந்தா இந்தத் தை முடியறதுக்குள்ள சேவூர்ல நிச்சயம் பண்ணிடறேன்."

அதோடு நின்றார். அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். நான் அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகெல்லாம் வியர்த்திருந்தது.

"சிவப்பு வந்தா, இந்தப் பொண்ணுக்காக நான் இனிமே உன்கிட்ட பூ கேக்க மாட்டேன். அவளத்தான் கேப்பேன். அவ இன்னா சொல்றாளோ அதான்."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. வேறு இடம் பார்க்கிறேன் என்பார், இரண்டு வருஷம் போகட்டும் என்பார், அவ்வளவுதான் என் கணக்கு. பூவையே கீழே வைத்துவிடுவார் என்று கனவிலும் நினைக்கவில்லை.

அப்பா பொட்டலங்களைச் சாமி எதிரே போட்டுவிட்டு, வாசலில் பூக்கடை வைத்திருக்கும் முனியம்மாவைக் கூப்பிட்டார். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். விஷயம் என்ன என்று கேட்கவில்லை. இந்தக் கோயிலில் எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்தவள். கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்ததை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். அப்பா நாரை அவிழ்த்தார்.

சிவப்பு.

அம்மாவின் பிடி இறுகியது. முனியம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு நழுவினாள். இத்தனை வருஷமாகப் பூவைக் கேலி செய்தவள் நான். அந்த அரளியைப் பார்த்ததும் என்னால் அம்மனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. கோயிலுக்கு வெளியே இருந்திருந்தால் அழுதிருப்பேன்.

லிஸ்பில் இஃப் நிறத்தைத்தான் கொடுக்கும், எண்ணைத்தான் கொடுக்கும் என்றில்லை. சில சமயம் இன்னும் ஓடாத ஒரு வேலையையே எடுத்து வந்து கையில் கொடுக்கும். அது தன்னால் ஓடாது. அதற்கு வேண்டியதை நாம் கொடுத்தால்தான் அதிலிருந்து பதில் வரும். படித்தபோது இதெல்லாம் யாருக்கு உபயோகம் என்று பக்கத்தைத் தள்ளிவிட்டேன். இப்போது அப்பா அந்த மாதிரி ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு என் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"சொல்லும்மா. இப்ப உன்னத்தான் கேக்கறேன்."

"உங்க..." என்று ஆரம்பித்தேன். அது தானாக நாக்கில் வந்துவிட்டது.

"அத சொல்லாத" என்றார் அப்பா. கோபமாக இல்லை, கெஞ்சுகிற மாதிரி. "அன்னிக்கும் அதத்தான் சொன்ன. அதுலேர்ந்து நான் இன்னாத்த எடுத்துக்கறது? புடிச்சிருக்குதுன்னு எடுத்துக்கறதா, புடிக்கலன்னு எடுத்துக்கறதா? பெத்தவன் கேட்டா பொண்ணு வெறுங்கைய நீட்டுது. அதனாலதான் இங்க வந்து கேட்டேன். எனக்கு மட்டும் பூ கட்டிகினு அலையணும்னு ஆசயா?"

ஊரார் பேச்சில் மறுபாதி எங்கே என்று தேடிக்கொண்டு திரிந்தவள், என் அப்பா என்னிடம் கேட்ட ஒரே கேள்விக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. அவர் அந்த ஒன்றுமில்லாததைக் கையில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் தறியை நிறுத்தி நிறுத்தி உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு ஜீவானந்தத்தத்தான் கட்டிக்கணும்ப்பா" என்றேன். "ஒரு வருஷமா தெரியும். மாமாவ அனுப்புனதே அவருதான். சிவப்பு வந்துட்டாலும் எனக்கு அவருதான் வேணும்."

அம்மா என் முழங்கையை விட்டுவிட்டாள். அப்பா உள்ளங்கையில் இருந்த அரளியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சாமி வேணாம்னு சொல்லியிருக்குது. பயமா இல்லியா உனக்கு?"

"பயமாத்தாம்ப்பா இருக்குது."

"எனக்கும்தான்" என்றார் அப்பா. அரளியை அம்மன் காலடியில் வைத்துவிட்டுச் சட்டையை எடுத்து உதறி மாட்டிக்கொண்டார். கடைசிப் பித்தானைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஆனா நீ வாயத் தொறந்து சொல்லிட்ட. மணவாளனுக்குப் போன் போடு, நானே பேசறேன்."